குழாய் நீரும் மீன்தொட்டியும்: தாதரிலிருந்து ஒரு நீர் வரலாறு

மும்பையின் தாதரில் மீன்தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் பொதுவான வழக்கம் ஒன்று உண்டு. தொட்டி நீரை மாற்ற வேண்டிய நாளுக்கு முந்திய நாளே குழாய் நீரை அகன்ற வாளிகளில் பிடித்து, மூடாமல் வைத்துவிடுகின்றனர். சிலர் அதில் காற்றுக்குழாயையும் இறக்கிவிடுவர். மறுநாள் அந்நீரே தொட்டிக்குள் செல்லும். அவசரப்பட்டு அன்றே பிடித்த நீரை ஊற்றியவர்கள், மீன்கள் மேல்மட்டத்திற்கு வந்து வாய் திறந்து திணறுவதையும் சில மணி நேரத்தில் மடிவதையும் கண்டிருப்பர். அதே குழாயின் நீரைத்தான் வீட்டில் உள்ளோர் குடிக்கின்றனர், சமைக்கின்றனர். மனிதருக்குப் பாதுகாப்பானது என மாநகராட்சி வழங்கும் நீர் மீனுக்கு நஞ்சாவது எப்படி?

இதற்கு வேதியியல் தரும் விடை ஒரே சொல்: குளோரின். வரலாறு தரும் விடை சற்று நீளமானது. மீன் வாழும் நீரே நல்ல நீர் என்று நம்பிய ஒரு காலத்திலிருந்து, எந்த உயிரும் வாழாத நீரே நல்ல நீர் என்று நம்பும் காலத்திற்கு நகரங்கள் நகர்ந்த கதை அது. ‘பாதுகாப்பான குடிநீர்’ என்ற தொடருக்குள் ‘யாருக்கு?’, ‘எவ்வளவு நேரத்திற்கு?’ என்ற இரு கேள்விகள் மறைந்திருப்பதை மீன்தொட்டி வெளிக்கொணர்கிறது. இரண்டாவது கேள்வி மீன்களோடு நின்றுவிடுவதில்லை.

தமிழகச் சிற்றூர்களில் கிணற்றில் மீன் விடுவது பழைய வழக்கம். புழு பூச்சிகளை மீன் தின்றுவிடும் என்பது ஒரு காரணம்; மீன் உயிரோடிருந்தால் நீரில் கேடில்லை என்பது மற்றொன்று. கலங்கிய நீரைத் தேற்றான் கொட்டையால் தெளிய வைக்கும் முறையும் நெடுங்காலமாக வழக்கிலிருந்தது. அம்முறை மண்ணையும் தூசியையும் படிய வைக்கும். நீரிலுள்ள உயிர்களைக் கொல்லும் நோக்கம் அதற்கில்லை. தெளிவும் சுவையும் மீனின் நடமாட்டமுமே நீரின் தரத்திற்கு அளவுகோல்களாக இருந்தன.

பம்பாயும் இதே உலகைச் சேர்ந்ததாகவே இருந்தது. தோபி தலாவ், கோவாலியா டாங்க், சி.பி. டாங்க் என இன்று சாலைச் சந்திப்புகளாகவும் பேருந்து நிறுத்தங்களாகவும் எஞ்சியிருக்கும் பெயர்கள் அனைத்தும் குளங்களின் நினைவுகளே. குளங்களும் கிணறுகளும் பெருகிவந்த மக்கள்தொகைக்கு ஈடுகொடுக்க முடியாது என்பதை 1854-ஆம் ஆண்டின் கடும் நீர்ப்பஞ்சம் உணர்த்தியது. பொறியாளர் ஹென்றி கோனிபேர் திட்டமிட்ட விஹார் ஏரியின் நீர் 1860-இல் குழாய் வழியே நகரை அடைந்தது. 1879-இல் துளசி ஏரியும், 1892-இல் ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலுள்ள தான்சாவும் அதனுடன் சேர்ந்தன. நீர் தொலைவிலிருந்து இரும்புக் குழாயில் வந்ததேயொழிய அதன் இயல்பு பெரிதும் மாறவில்லை. அது ஏரி நீர். அதில் குளோரின் கிடையாது.

வீட்டு மீன்தொட்டி என்னும் பழக்கம் பிறந்ததும் இக்காலத்தில்தான் என்பது கவனத்திற்குரியது. இலண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், மீனும் நீர்த்தாவரமும் நத்தையும் ஒன்றையொன்று தாங்கி வாழும் கண்ணாடித்தொட்டி ஒன்றைப் பற்றி 1850-இல் எழுதினார். 1853-இல் இலண்டன் விலங்கியல் பூங்காவில் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு ஃபிலிப் ஹென்றி கோஸின் நூல் வெளிவந்து, மீன்தொட்டியை நடுத்தர வர்க்க வீடுகளின் அலங்காரப் பொருளாக்கியது. இவர்களுள் யாரும் குழாய் நீரிலுள்ள குளோரினை நீக்கும் வழியை எழுதவில்லை. நீக்குவதற்கு அங்கே குளோரின் இருக்கவில்லை. குழாய் நீர் மீனுக்குப் பகையாவதற்கு அரை நூற்றாண்டிற்கு முன்பே மீன்தொட்டி வீட்டிற்குள் வந்துவிட்டது.

தாதர் இன்றைய வடிவைப் பெற்றது நோயின் விளைவாகத்தான். 1896 செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் பிளேக் தோன்றிய பிறகு, நெரிசலைக் குறைக்கும் நோக்கில் 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. நகரின் வடக்கே தாதர், மாட்டுங்கா, சயான் ஆகிய இடங்களில் அகன்ற சாலைகளும் காற்றோட்டமான மனைகளும் கொண்ட குடியிருப்புகளை அது வகுத்தது. தாதரின் இந்து காலனியும் பார்சி காலனியும் இத்திட்டத்தின் வாரிசுகள். பாலக்காட்டிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் எழுத்தர் வேலைக்கு வந்த குடும்பங்கள் மாட்டுங்காவில் குடியேறின. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கப்படும் அளவிற்கு அங்கே தமிழர் எண்ணிக்கை பெருகியது. திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோர் தாராவியில் தங்கினர். கிணற்று நீரில் வளர்ந்த இருசாராரும் இங்கே குழாய் நீருக்குப் பழகினர். ஆனால் குழாய் இருசாராருக்கும் ஒரே வகையில் கிடைக்கவில்லை என்பது பின்னர் முக்கியமாகிறது.

குழாய் வந்த பிறகும் பம்பாயின் கிணறுகள் மறைந்துவிடவில்லை. மலேரியாவின் காரணங்களை ஆராய நியமிக்கப்பட்ட மருத்துவர் சார்லஸ் பென்ட்லி தம் அறிக்கையை 1911-இல் அளித்தார். அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் கொசு வீட்டுக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகி நோயைப் பரப்புகிறது என்று அவ்வறிக்கை சுட்டியது. கிணறுகளை மூட வேண்டும் என்ற நடவடிக்கைக்குச் சமயக் காரணங்களால் எதிர்ப்பு எழுந்தது. கிணற்று நீரைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் அவ்வெதிர்ப்பில் முன்னின்றனர். 1725-இல் தோண்டப்பட்ட பிகா பேராம் கிணறு இன்றும் சர்ச்கேட் அருகே திறந்திருப்பது அந்த மரபின் உறுதிக்குச் சான்று. மூடுதல், எண்ணெய் தெளித்தல், கொசுப்புழுவைத் தின்னும் மீன்களை விடுதல் ஆகிய மூன்றும் அக்கால மலேரியாத் தடுப்பின் கருவிகள். கிணற்றில் மீன் விடும் பழைய வழக்கம் இப்போது நலவாழ்வுத் துறையின் உத்தியாக மறுபிறவி எடுத்தது. 1928-இல் கம்பூசியா மீன் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டதும் இந்நோக்கத்திற்காகவே. தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்படும் கப்பி மீனை மும்பை மாநகராட்சி இன்றும் கிணறுகளிலும் நீரூற்றுத் தொட்டிகளிலும் விடுகிறது.

கொசுவை ஒழிக்க நீரில் மீனைச் சேர்த்த அதே நலவாழ்வு அறிவியல், கிருமியை ஒழிக்க நீரில் நஞ்சைச் சேர்க்கவும் கற்றுக்கொண்டிருந்தது. இந்தியாவில் அதன் முதல் வடிவம் ஊதா நிறம் கொண்டது. 1890-களில் எர்னஸ்ட் ஹான்கின் காலராவைத் தடுக்கக் கிணறுகளில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைக்கும் முறையைப் பரிந்துரைத்தார். அதே படிகங்கள் இன்று மீன் நோய்க்கு மருந்தாக வளர்ப்பு மீன் கடைகளில் கிடைக்கின்றன. அளவு சற்று மீறினால் மீனையே கொன்றுவிடும்.

குளோரினின் வழி வேறு. 1799-இல் கிளாஸ்கோவின் சார்லஸ் டென்னன்ட் காப்புரிமை பெற்ற பிளீச்சிங் பவுடர் துணி வெளுக்கப் பிறந்த சரக்கு. அது குடிநீருக்குள் வர நூறாண்டு ஆயிற்று. 1897-இல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டோனில் டைபாய்டு பரவியபோது குழாய்களைக் கிருமிநீக்க அது பயன்பட்டது. 1905-இல் லிங்கன் நகரில் அலெக்சாண்டர் ஹூஸ்டன் குளோரின் கரைசலைக் குடிநீரில் தொடர்ந்து சேர்த்தார். 1908 செப்டம்பர் 26 அன்று அமெரிக்காவின் ஜெர்சி நகர நீரில் மருத்துவர் ஜான் லீல் அதனைச் சேர்க்கத் தொடங்கினார். குடிநீரில் ‘நஞ்சு’ கலப்பதாக எழுந்த வழக்கில் நீதிமன்றம் அம்முறையை ஏற்றது. அதன்பின் குளோரினேற்றம் உலகெங்கும் விரைந்து பரவியது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்தியப் பெருநகரங்களுக்கும் வந்து சேர்ந்தது. டைபாய்டு, காலரா சாவுகளைக் குறைத்ததில் அதற்குள்ள பங்கு மறுக்க முடியாதது. இன்று மும்பைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 385 கோடி லிட்டர் நீர் ஏழு ஏரிகளிலிருந்து வருகிறது. அதன் பெரும்பகுதி பாண்டூப் வளாகத்தில் தெளியவைக்கப்பட்டு, மணலில் வடிகட்டப்பட்டு, இறுதியில் குளோரினேற்றம் பெறுகிறது.

குளோரினைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம் ஒன்றுண்டு. கொதிக்க வைத்தல், வடிகட்டல் ஆகியவை அந்நேரத்து நீரை மட்டும் தூய்மையாக்கும். குளோரினோ நீரோடு பயணம் செய்யும்; குழாயின் விரிசலில் சாக்கடை கசிந்தாலும் எஞ்சியுள்ள குளோரின் ஓரளவு காவல் நிற்கும். எனவேதான் இந்தியக் குடிநீர்த் தரநிலை, எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. இருக்க வேண்டும் என்கிறது. மறுபுறம், நன்னீர் உயிர்கள் நீண்ட காலத்திற்குத் தாங்கும் குளோரின் வரம்பாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1984-இல் வகுத்தது லிட்டருக்கு 0.011 மி.கி. மனிதருக்கு இருந்தே ஆக வேண்டிய குறைந்த அளவு, மீனுக்கு இருக்கக்கூடிய உச்ச அளவைப் போல ஏறத்தாழ 18 மடங்கு. இருவருக்கும் ஒரே நேரத்தில் பாதுகாப்பான குழாய் நீர் என்று ஒன்று இந்த இரு எண்களுக்கிடையே இருக்க முடியாது.

இவ்வேறுபாடு உடலமைப்பிலிருந்து வருகிறது. நாம் குடிக்கும் நீரிலுள்ள சிறிதளவு குளோரின் உமிழ்நீரிலும் இரைப்பையிலும் உள்ள பொருள்களோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும், இரத்தத்தை எட்டுவதில்லை. மீனின் செவுளில் இரத்தத்திற்கும் நீருக்கும் நடுவே மிக மெல்லிய திசு மட்டுமே உள்ளது. குளோரின் அத்திசுவை அரித்து, சுவாசத்தையே தடுக்கிறது. மனித இரத்தமும் நீரோடு இத்தகைய மெல்லிய சவ்வின் வழியே உறவாடும் இடம் ஒன்று உண்டு: சிறுநீரக டயாலிசிஸ். ஒருமுறை சிகிச்சைக்கு நூறு லிட்டருக்கு மேல் நீர் செலவாகும். அந்நீரிலிருந்து குளோரினையும் குளோரமைனையும் கிளர்வூட்டிய கரியால் நீக்கிய பிறகே பயன்படுத்துகின்றனர். நீக்காவிடில் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். அந்தப் படுக்கையில் மனிதருக்கும் மீனின் அளவுகோலே பொருந்துகிறது.

மீன்தொட்டியில் குளோரின் செய்யும் இரண்டாவது கேடு கண்ணுக்குத் தெரியாதது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்களை 1890-இல் செர்கேய் வினோகிராத்ஸ்கி பிரித்தறிந்தார். வடிகட்டியின் பஞ்சிலும் அடிமட்டச் சரளையிலும் அவை குடியிருப்பதால்தான் தொட்டி நிலைக்கிறது. குளோரின் அவற்றையும் அழிக்கும்; மீன் அப்போதைக்குத் தப்பினாலும் அடுத்த சில நாட்களில் அமோனியா பெருகிச் சாகலாம். நகராட்சி நீரின் இலட்சியம் நுண்ணுயிர் அற்ற நீர். மீன்தொட்டியின் இலட்சியம் தக்க நுண்ணுயிர்கள் நிறைந்த நீர். எனவே தொட்டி முழுவதையும் காலிசெய்து கழுவி, புது நீர் நிரப்புவதைக் காட்டிலும், குளோரின் நீக்கிய நீரால் ஒரு பகுதியை மட்டும் மாற்றுவதே நல்லது.

குளோரினை நீக்கும் வழிகள் இரண்டு. முதலாவது காத்திருத்தல். கரைந்த குளோரின் காற்றில் வெளியேறும். சூரிய ஒளியில் சிதையும். வாய் அகன்ற பாத்திரமும் காற்றுக் குமிழிகளும் அதனை விரைவுபடுத்தும். மூடிய கேனில் வைத்தால் இது மிக மெதுவாகவே நிகழும். மழைக்காலத்திலோ குழாய்ப் பழுதுக்குப் பிறகோ குளோரின் அளவு கூட்டப்படும் நாட்களில் ஓரிரவு போதாமல் போகலாம்.

இரண்டாவது வழி ‘ஹைப்போ’ எனப்படும் சோடியம் தயோசல்பேட். அதன் பயணமும் ஒரு வரலாறே. 1819-இல் ஜான் ஹெர்ஷல் அது வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்று கண்டார். 1839-இல் அதுவே ஒளிப்படத்தை நிலைநிறுத்தும் மருந்தாயிற்று. நீர்ப்பஞ்சம் வாட்டிய அதே 1854-இல் பம்பாயில் ஒளிப்படக் கழகம் தொடங்கப்பட்டது. ஒளிப்படக்காரரின் இருட்டறையில் ஹைப்போ இன்றியமையாத சரக்கு. வெளுப்பாலைகளில் துணியில் தங்கிய குளோரினை முறிக்கவும் அது பயன்பட்டது. ஆகவே நஞ்சும் முறிவும் துணி வெளுக்கும் தொழிலின் அறிவிலேயே இணைந்திருந்தன. தாதருக்குத் தெற்கே பரேலிலும் லால்பாகிலும் எழுந்த பஞ்சாலைகளின் தொழில் அது. நடைமுறையில் ஒரு பங்கு குளோரினுக்கு ஏழு பங்கு ஹைப்போ படிகம் வேண்டும். லிட்டருக்கு 0.5 மி.கி. குளோரின் உள்ள 40 லிட்டர் நீரில் மொத்தம் 20 மி.கி. குளோரின் இருக்கும், அதற்கு 140 மி.கி. படிகம், அதாவது ஒரு சிட்டிகையிலும் குறைவு, போதுமானது. வினை நொடிகளில் முடிந்துவிடும்.

எல்லா நகரங்களுக்கும் இவ்வழிகள் அப்படியே பொருந்தா. குளோரின் நீரிலுள்ள கரிமப் பொருள்களோடு சேர்ந்து குளோரோஃபார்ம் முதலியவற்றை உண்டாக்குகிறது என்று 1974-இல் ராட்டர்டாமின் யோஹானஸ் ரோக் காட்டிய பிறகு, மேலை நகரங்கள் பல குளோரினோடு அமோனியா சேர்த்த குளோரமைனுக்கு மாறின. சிங்கப்பூர்க் குழாய் நீரிலும் குளோரமைனே உள்ளது. அது ஓரிரவில் வெளியேறாது. ஹைப்போ இட்டாலும் அமோனியா எஞ்சும். மும்பையிலிருந்து சிங்கப்பூருக்குக் குடிபெயரும் ஒருவரின் வாளி நீர் வைக்கும் பழக்கம் அங்கே மீனைக் காக்காது. வீட்டறிவு என்பது நகரின் நீர்க்கொள்கையோடு பிணைந்தது என்பதற்கு இது நல்ல சான்று.

இவ்வறிவு எங்கிருந்து வீடுகளுக்கு வந்தது? அரசு நிறுவனங்கள் அதற்குப் பெரிதும் உதவியிருக்க வாய்ப்பில்லை. 1909-இல் சென்னைக் கடற்கரையில் திறக்கப்பட்ட மீன்காட்சியகமும், 1951-இல் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் மெரின் டிரைவில் திறந்துவைத்த தாராப்பூர்வாலா மீன்காட்சியகமும் கடலோரத்தில் அமைந்தவை. கடல் மீன்களுக்கு வேண்டிய நீரைக் கடலே தந்தது. மீன் வளர்க்கும் ஆசையை அவை தூண்டியிருக்கலாம். குழாயை மட்டுமே நம்பிய வீட்டாரின் சிக்கல் அவற்றுடையதன்று. கிராஃபோர்ட் சந்தையிலும் குர்லாவிலும் மீன் விற்போரின் வாய்மொழியும், பக்கத்து வீட்டாரின் பட்டறிவும், சில மீன்களின் சாவுமே இங்கே பாடநூல்களாயின. நீர்வரலாறு எழுதுவோர் அணைகளையும் குழாய்களையும் நகராட்சிக் கோப்புகளையும் நாடுவது இயல்பு. குழாய்க்கும் வாளிக்கும் இடையே நிகழும் இத்தகைய வேதியியல் அக்கோப்புகளில் இடம்பெறுவதில்லை.

அந்த இடைவெளியில்தான் இக்கதையின் கனமான பகுதி உள்ளது. மும்பையில் குழாய் நீர் பெரும்பாலும் நாளில் சில மணி நேரமே வருகிறது. தாதரின் அடுக்குமாடியில் நிலத்தடித் தொட்டியும் மொட்டைமாடித் தொட்டியும் அந்நீரைச் சேமிக்கின்றன. சமையலறையில் வடிகட்டும் கருவி இருக்கும். இரண்டு கி.மீ. தள்ளித் தாராவியில் அதே நீர் நீல நிற டிரம்களிலும் குடங்களிலும் சேமிக்கப்படுகிறது. மீன் வளர்ப்பவர் விரும்பிக் காத்திருந்து போக்கும் குளோரினை, டிரம்மில் நீர் பிடித்து வைப்பவர் விரும்பாமலே இழக்கிறார். மொள்ளும் குவளையும் கையும் உள்ளே கொண்டுசெல்லும் அழுக்கோடு வினைபுரிந்து அது இன்னும் விரைவாகத் தீர்கிறது. மீனுக்குப் பாதுகாப்பாக மாறிய அந்த நேரத்தில், நீர் மனிதருக்கான தன் காவலை இழந்திருக்கிறது.

இது வெறும் ஊகமன்று. மும்பையின் கிழக்குக் கடற்கரையில் உள்ள கௌலா பந்தர் குடிசைப்பகுதியில் ரம்நாத் சுப்பராமன் குழுவினர் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதனைப் பதிவு செய்கிறது. மழைக்காலத்தில் நீர் பெறும் இடத்திலேயே எடுத்த மாதிரிகளில் பாதி மாசுற்றிருந்தன. மற்றப் பருவங்களில் பெறும் இடத்தில் மாசில்லை. ஆயினும் வீட்டில் சேமித்த குடிநீரில் எல்லாப் பருவங்களிலும் மாசு காணப்பட்டது. அம்மக்கள் அந்நீருக்குக் கொடுத்த விலையோ மாநகராட்சிக் கட்டணத்தைப் போல 52 முதல் 206 மடங்கு. மாசு என்றதும் மக்களின் சுத்தக் குறைவைப் பழிப்பது எளிது. சேமிக்க வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கியது இடைவிட்ட விநியோகமும், குழாய் இணைப்பு மறுக்கப்பட்ட நிலையும் என்பதை மறந்தால்தான் அப்பழி நிற்கும்.

சேமித்த நீரின் மற்றொரு வாரிசு ஏடிஸ் கொசு. டெங்கு பரப்பும் அக்கொசு டிரம்களிலும் பூந்தொட்டித் தட்டுகளிலும் முட்டையிடுகிறது. திறந்த நீருக்கு மாநகராட்சி அபராதம் விதிக்கிறது. கிணறுகளில் கப்பி மீனை விடுகிறது. பென்ட்லியின் காலத்துக் கிணற்றடி விவாதம் டிரம்மின் அருகே தொடர்கிறது என்றே கொள்ளலாம்: நீர் மக்கள் கையில் தங்கும்போதெல்லாம் அது ஐயத்திற்குரியதாகிறது, அது தங்குவதற்கான காரணம் கேட்கப்படுவதில்லை.

‘நல்ல தண்ணீர்’ என்ற சொல் தமிழில் நெடுங்காலம் உப்பற்ற நீரையே குறித்தது. நலவாழ்வுத் துறை அதற்குக் கிருமியற்ற நீர் என்ற பொருளைத் தந்தது. இரண்டுமே நீரை நிலையான பண்புடைய பொருளாகக் கருதுகின்றன. ஆனால் பாண்டூபிலிருந்து புறப்படும் நீர், தாதரின் குழாயில் வரும் நீர், மறுநாள் வாளியில் உள்ள நீர், மூன்றாம் நாள் டிரம்மின் அடியில் உள்ள நீர் ஆகியவை நான்கும் வேதியியல்படி வெவ்வேறு நீர்கள். தரநிலைகளும் பரிசோதனைகளும் குழாயின் வாயோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. அதற்கு அப்பால் நீர் என்னவாகிறது என்பதை அறிய விரும்பும் மாணவர் சில ரூபாய்க்குக் கிடைக்கும் குளோரின் சோதனைத் தாளைக் கொண்டு காலையில் குழாயிலும், மாலையில் குடத்திலும், மறுநாள் டிரம்மிலும் அளந்து எழுதத் தொடங்கலாம். தாதரில் ஒரு வீட்டிலும் தாராவியில் ஒரு வீட்டிலும் ஒரே வாரத்தில் எடுத்த அத்தகைய இரு பட்டியல்கள், மும்பையின் நீர் வரலாற்றில் இதுவரை எழுதப்படாத ஒரு பக்கத்தைத் தொடங்கி வைக்கும்.